11,000 மைலும் 19 நாளும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் கிலோமீட்டரில் விடை சொல்வதில்லை. மூன்று மணி நேரம் என்கிறோம்; ஓர் இரவுப் பயணம் என்கிறோம்; காலையில் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்விடலாம் என்கிறோம். கேட்டவரும் அதை ஏற்றுக்கொள்கிறார். தூரத்தை நேரத்தால் அளப்பது மனிதரின் பழைய பழக்கம். அந்த அளவுகோல் காலத்துக்குக் காலம் மாறிவருகிறது என்பதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

எங்கள் கிராமத்திலிருந்து இந்தக் கல்லூரிக்கு 24 கிலோமீட்டர். பேருந்து ஓடும் நேரம் 55 நிமிடம். ஆயினும் நான் காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்பதே காலுக்குத்தான் கல்லூரி வாயிலை அடைகிறேன். மீதி நேரம் எங்கே போகிறது? ஏரிக்கரை வழியே சாலைக்கு நடப்பதிலும், புளியமரத்தடியில் காத்து நிற்பதிலும், நிற்காமல் போய்விட்ட பேருந்தின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதிலும் போகிறது. மூன்று ஆண்டுகளாக இந்தக் கணக்கு எனக்குப் பழகிவிட்டது.

சென்ற பருவத்தில் எங்கள் துறைப் பேராசிரியை, போக்குவரத்தின் பொருளாதாரம் பற்றிய பாடத்துக்காக ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். உலகில் தொலைவாக உள்ள இரண்டு நகரங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றுக்கு இடையே வான்வழித் தூரம் எவ்வளவு, பயண நேரம் எவ்வளவு, நூறு ஆண்டுகளில் அந்த நேரம் எப்படிக் குறைந்தது என்று எழுதிவர வேண்டும். நான் நூலகத்து உலகப் படத்தைப் பிரித்து, இங்கிலாந்தின் லண்டனையும் ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வினையும் தேர்ந்தெடுத்தேன். இரண்டும் தாளின் இரு எதிர் மூலைகளில் இருந்தன என்பதைத் தவிர அப்போது வேறு காரணம் எதுவும் இல்லை.

எண்களைத் தேடிப் போன எனக்கு ஒரு பெண்மணி கிடைத்தார். அவர் பெயர் ஏமி ஜான்சன். அவரும் பொருளியல் பட்டதாரி. தட்டெழுத்து அடித்துப் பிழைத்தவர். அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரி நண்பர்களுக்கும் சொல்ல வேண்டும் என்ற ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்றொரு துறைமுக நகரம் உண்டு. மீன்பிடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே 1903ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஏமி பிறந்தார். தந்தை மீன் வணிகர். பெண்களாகவே பிறந்த அந்த வீட்டில் ஏமிதான் மூத்தவர். வசதியான குடும்பந்தான் என்றாலும் விமானத்துக்கும் அந்த வீட்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

உள்ளூரில் பள்ளிப் படிப்பை முடித்தபின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1925இல் பொருளியலில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பெண்கள் பல்கலைக்கழகப் படியேறுவதே அரிதாக இருந்த காலம் அது. ஆனால் பட்டம் பெற்றவுடன் அவருக்காக எந்த நாற்காலியும் காத்திருக்கவில்லை. நம்மில் பலர் பட்டம் வாங்கும் முன்பே தட்டெழுத்துப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து ஆங்கிலம் லோயர், தமிழ் ஹையர் என்று தேர்வு எழுதுகிறோம் அல்லவா? அவரும் அவ்வாறே தட்டெழுத்தை நம்பித்தான் வேலை தேடினார். 1927இல் லண்டன் வந்து, வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் செயலாளராக அமர்ந்தார்.

லண்டனின் வடபுறத்தில் ஸ்டாக் லேன் என்ற இடத்தில் ஒரு விமான நிலையம் இருந்தது. லண்டன் விமானச் சங்கம் அங்கே குறைந்த கட்டணத்தில் பறக்கக் கற்றுக்கொடுத்தது. 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏமி அங்கே மாணவியாகச் சேர்ந்தார். மாதச் சம்பளத்தில் வயிற்றுக்குப் போக மிஞ்சியதெல்லாம் பாடக் கட்டணமாகப் போயிற்று.

அவர் பிறவி மேதை அல்லர். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் பாடங்களில் அவருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. தனியே பறக்க அனுமதி பெறுவதற்கு 15 மணி 45 நிமிடப் பயிற்சி தேவைப்பட்டது. மற்றவர்கள் அதைவிடக் குறைந்த நேரத்தில் தனியே பறந்துவிட்டார்கள். 1929 ஜூன் மாதம் தனியே பறந்தார்; ஜூலையில் உரிமம் கிடைத்தது.

அதோடு நின்றிருந்தால் அவர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திராது. விமானத்தை ஓட்டினால் மட்டும் போதாது, அதன் எஞ்சினையும் பிரித்துப் பூட்டத் தெரிய வேண்டும் என்று அவர் எண்ணினார். அலுவலகம் போகும் முன் காலையிலும், வேலை முடிந்த பின் மாலையிலும் கொட்டகையில் எண்ணெய்க் கறையோடு நின்று தொழில் கற்றார். அங்கிருந்த ஆண் தொழிலாளர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள்; பிறகு தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள். 1929 டிசம்பரில் தரைப் பொறியாளர் உரிமம் பெற்றார். பிரிட்டனில் அந்த உரிமத்தைப் பெற்ற முதல் பெண் அவரே. பின்னால் பாலைவனத்திலும் பர்மாவிலும் அவரைக் காப்பாற்றியது இந்தப் படிப்புத்தான்.

தந்தையும் பணமும்

ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறப்பது என்று அவர் முடிவு செய்தபோது வயது 26. அதுவரை அவர் தனியே பறந்த மிக நீண்ட பயணம் லண்டனிலிருந்து சொந்த ஊரான ஹல்லுக்கு, ஏறக்குறைய 150 மைல். மொத்தப் பறத்தல் அனுபவம் நூறு மணி நேரத்துக்கும் குறைவு. இந்த நிலையில் 11,000 மைல் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் யார் பணம் கொடுப்பார்கள்? பலருக்குக் கடிதம் எழுதினார். பலர் மறுத்தார்கள்.

முடிவில் இருவர் முன்வந்தனர். ஒருவர் எண்ணெய்த் தொழிலதிபர் வேக்ஃபீல்டு பிரபு. விமானம் வாங்கும் செலவில் பங்கேற்றதோடு, வழி நெடுகிலும் பெட்ரோல் கிடைக்க அவர் ஏற்பாடு செய்தார். மற்றொருவர் ஏமியின் தந்தை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மகள் போகும் வழியில் எத்தனை கடல், எத்தனை மலை, எத்தனை காடு என்பது கடலோர வணிகரான அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அவர் பணம் தந்தார். புறப்படும் நாளில் வழியனுப்பவும் வந்து நின்றார். அஞ்சாத தந்தை என்று அவரை நான் சொல்ல மாட்டேன். அஞ்சிக்கொண்டே அனுப்பிவைத்த தந்தை என்றுதான் நினைக்கிறேன்.

600 பவுனுக்கு ஒரு பழைய விமானம் வாங்கினார்கள். ஜிப்சி மாத் என்ற வகை. மரச்சட்டம், துணி போர்த்திய இறக்கைகள், மேலே கூரையில்லாத இருக்கை. தந்தையின் மீன் வணிக முத்திரைப் பெயரான ஜேசன் என்பதையே அதற்குச் சூட்டினார்கள். பச்சை வண்ணம் பூசப்பட்ட அந்த விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 85 மைல். இன்று நெடுஞ்சாலையில் சில கார்கள் அந்த வேகத்தில் ஓடுகின்றன! வானொலிக் கருவி கிடையாது. கூடுதல் தொட்டிகளிலிருந்து பெட்ரோலைக் கையால் பம்ப் அடித்துத்தான் ஏற்ற வேண்டும்.

கோடும் வழியும்

இங்கே என் பாடக் கணக்கைச் சற்றே சொல்ல வேண்டும்.

உலகம் உருண்டை. எனவே இரண்டு நகரங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, தட்டையான படத்தில் போடும் நேர்கோடு அன்று. ஒரு பந்தின் மேல் நூலை இறுகப் பிடித்துப் பார்த்தால் அவ்வழி தெரியும். லண்டனிலிருந்து டார்வினுக்கு அப்படி அளந்தால் சுமார் 8,600 மைல், அதாவது 13,850 கிலோமீட்டர் வரும். அந்த நூல் ருஷ்யாவின் மேலாகப் போய், நடு ஆசியாவைக் கடந்து, சீனத்தின் மேற்குப் பாலைவனங்களைத் தொட்டுத் தென்கிழக்கே இறங்கும்.

ஏமி அந்த வழியில் போகவில்லை. போக முடியாது. ஒரே மூச்சில் சில நூறு மைல்களே பறக்கக்கூடிய விமானத்துக்கு இறங்க இடமும், ஊற்றிக்கொள்ள பெட்ரோலும் வேண்டும். அவர் படத்தின் மேல் அடிக்கோலை வைத்துக் கோடு போட்டு, அதை ஒட்டி இறங்குமிடங்களைக் குறித்துக்கொண்டார். வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், அலெப்போ, பாக்தாத், பந்தர் அப்பாஸ், கராச்சி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர், ஜாவா, திமோர் என்று அந்த வழி நீண்டது. மொத்தம் 11,000 மைல், கிலோமீட்டரில் 17,700. நூல் காட்டும் தூரத்தைவிட 2,400 மைல் அதிகம். இருக்கிற வழி எது என்பதை இறங்குமிடங்களே தீர்மானிக்கின்றன என்பதை நான் இதில் கற்றுக்கொண்டேன்.

பத்தொன்பது நாள்கள்

1930 மே 5ஆம் நாள் காலை, லண்டனை அடுத்த கிராய்டன் விமான நிலையத்திலிருந்து ஜேசன் கிளம்பியது. வழியனுப்பக் கூட்டம் எதுவும் வரவில்லை. அவருக்கு முன் 1919இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இருவர் துணையாட்களுடன் 28 நாளில் டார்வினை அடைந்திருந்தார்கள். 1928இல் ஆஸ்திரேலியரான பெர்ட் ஹிங்க்ளர் தனியாளாகப் பதினைந்தரை நாளில் போய்ச் சேர்ந்திருந்தார். ஹிங்க்ளரின் சாதனையை முறியடிப்பதே ஏமியின் குறிக்கோள்.

முதல் நாள் வியன்னா. மறுநாள் கான்ஸ்டாண்டிநோபிள். மூன்றாம் நாள் டாரஸ் மலைத்தொடரின் கணவாய்களுக்குள் மேகத்தில் தடுமாறி, பாறைச் சுவர்களுக்கிடையே நுழைந்து அலெப்போ சேர்ந்தார். பாக்தாத் போகும் வழியில் மணற்புயல் அவரைக் கீழே தள்ளியது. கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையில் பாலைவனத்தில் இறங்கி, விமானம் காற்றில் உருண்டு போகாதபடி பெட்டிகளைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துக் காத்திருந்தார். புயல் தணிந்ததும் மீண்டும் பறந்தார்.

மே 10ஆம் நாள் கராச்சி. லண்டனிலிருந்து ஆறே நாள். இந்தியா வரையிலான பயணத்தில் ஹிங்க்ளரைவிட இரண்டு நாள் முந்திவிட்டார். அதுவரை அவரைக் கண்டுகொள்ளாத பத்திரிகைகள் அன்று முதல் அவர் பெயரைத் தலைப்பில் போட்டன.

கராச்சியிலிருந்து அலகாபாத் போகும்போது எதிர்க்காற்று பெட்ரோலைத் தின்றுவிட்டது. வேறு வழியின்றி ஜான்சியில் படைவீரர்களின் அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். தூரம் மாறவில்லை, காற்று மாறியதால் நேரம் மாறிவிட்டது. நம் மிதிவண்டிப் பயணத்திலும் இந்த உண்மை உண்டு. பெரிய விமானங்களுக்கும் போகும்போது ஒரு நேரமும் திரும்பும்போது வேறொரு நேரமும் ஆவது இக்காற்றினால்தான்.

கல்கத்தாவைத் தாண்டிப் பர்மாவுக்குள் நுழைந்தபோது பருவமழை பிடித்துக்கொண்டது. ரங்கூனின் குதிரைப் பந்தயத் திடலைத் தேடியவர், மழையில் திசை தவறி, அருகிலுள்ள இன்செய்னில் ஒரு தொழில்நுட்பக் கல்விக்கூடத்தின் விளையாட்டு மைதானத்தில் இறங்கினார். ஓடிப்போன விமானம் ஒரு பள்ளத்தில் மூக்கைக் கொடுத்தது. இறக்கை கிழிந்தது, சுழல்விசிறி உடைந்தது.

அந்தக் கல்விக்கூடத்தாரும் ஊராரும் ஓடிவந்து உதவினார்கள். கிழிந்த இறக்கைக்குப் போர்த்தத் துணி வேண்டுமே! முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே இருந்தன. அவற்றைப் பிரித்து ஒட்டுப் போட்டார்கள். விமானத்தின் பக்கத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்த மாற்று விசிறி பயன்பட்டது. பழுது பார்த்து முடிய மூன்று நாள் ஆயிற்று. ஹிங்க்ளரை முந்தும் நம்பிக்கை அந்த மைதானத்திலேயே போய்விட்டது.

ஆயினும் அவர் திரும்பவில்லை. பாங்காக், சிங்கப்பூர் என்று தொடர்ந்தார். ஜாவாத் தீவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது மூங்கில் முளைகள் இறக்கையைக் குத்திக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு பறந்தார்! திமோர்த் தீவில் குறித்த இடத்தைக் காணாமல் ஒரு சிற்றூரில் இறங்கினார். அன்றிரவு அவரிடமிருந்து செய்தி வராததால், காணாமற் போய்விட்டார் என்றே உலகம் அஞ்சியது. ஹல் நகரத்து வீட்டில் அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும்!

மே 24ஆம் நாள், கப்பல் கண்ணில் படுமா என்று தேடிக்கொண்டே 500 மைல் கடலைக் கடந்து டார்வினில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. ஹிங்க்ளரின் சாதனையோ உடையவில்லை.

இப்போது ஒரு சிறு வகுத்தல் கணக்கு. 11,000 மைலை 85ஆல் வகுத்தால் ஏறக்குறைய 130 மணி நேரம். 19 நாள் என்பது 456 மணி நேரம். அப்படியானால் அவர் வானத்தில் இருந்தது மொத்த நேரத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். எஞ்சிய நேரமெல்லாம் தரையில் கழிந்தது: எஞ்சினைத் துடைத்தது, இறக்கையைத் தைத்தது, பெட்ரோலை வடிகட்டி ஊற்றியது, இரண்டு மூன்று மணி நேரம் கண்ணயர்ந்தது. பறந்ததைவிடத் தரையில் உழைத்ததே அதிகம்! புளியமரத்தடியில் நான் காத்திருக்கும் நேரமும் என் படிப்பின் பகுதிதான் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

புகழும் அதன் பின்னும்

டார்வினில் இறங்கிய தட்டெழுத்தரை உலகம் தோளில் தூக்கிக்கொண்டது. லண்டன் நாளிதழ் ஒன்று 10,000 பவுன் கொடுத்தது. அரசு சி.பி.இ. பட்டம் அளித்தது. பாட்டுக் கட்டினார்கள், குழந்தைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் ஐந்தே நாளில் பிரிஸ்பேன் நகரில் இறங்கும்போது விமானம் குப்புறக் கவிழ்ந்தது. இடைவிடாத வரவேற்புகளால் உடலும் உள்ளமும் சோர்ந்து போனார். புகழைச் சுமப்பது பெட்ரோல் பம்பை அடிப்பதைவிடக் கடினமாக இருந்தது போலும்.

அவர் ஓயவில்லை. 1931இல் துணைப் பொறியாளர் ஒருவருடன் ஒரே நாளில் மாஸ்கோவை அடைந்து, அங்கிருந்து தோக்கியோ வரை பறந்தார். 1932இல் ஜிம் மாலிசன் என்ற புகழ்பெற்ற விமானியை மணந்தார். அதே ஆண்டு லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்குத் தனியே பறந்து, கணவருடைய சாதனையையே முறியடித்தார். 1933இல் இருவரும் சேர்ந்து அட்லாண்டிக் கடலைக் கடந்தார்கள். நியூயார்க்கை எட்டச் சிறிது தூரமே இருக்கையில் பெட்ரோல் தீர்ந்து, பிரிட்ஜ்போர்ட்டில் விழுந்து காயமுற்றார்கள்.

1934இல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு ஒரு மாபெரும் விமானப் பந்தயம் நடந்தது. ஏமியும் கணவரும் முந்திக்கொண்டு கராச்சியை அடைந்தார்கள். 1930இல் ஆறு நாளான அதே வழி, இம்முறை ஒரு நாளுக்குள் முடிந்தது! ஆனால் வழி தவறி ஜபல்பூரில் இறங்கியபோது விமானத்துக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்கவில்லை. கிடைத்ததை ஊற்றியதால் எஞ்சின் கெட்டு, அலகாபாத்தோடு அவர்களின் ஓட்டம் நின்றது. வென்ற விமானம் மூன்று நாளுக்குள் மெல்போர்ன் சேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் உலகம் அவ்வளவு சுருங்கிவிட்டது.

இல்வாழ்க்கை இனிக்கவில்லை. 1938இல் மணவிலக்கு ஆயிற்று. இடையே 1935 முதல் 1937 வரை மகளிர் பொறியியல் சங்கத்தின் தலைவராக இருந்து, பெண்கள் தொழில் கற்க வேண்டும் என்று உழைத்தார்.

கடைசிப் பயணம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940இல் ஏமி விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்தார். தொழிற்சாலைகளிலிருந்தும் பழுதுபார்க்கும் இடங்களிலிருந்தும் விமானங்களைப் படைத்தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்படையின் பணி. உலகப் புகழ் பெற்றவர், சாதாரண விமானிகளுள் ஒருவராக அங்கே பணி செய்தார்.

1941 ஜனவரி 5ஆம் நாள். பிளாக்பூலில் தமக்கு நெருங்கிய தங்கையின் வீட்டில் இரவு தங்கிவிட்டு, பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் ஓர் ஆக்ஸ்ஃபோர்டு வகை விமானத்தில் புறப்பட்டார். போக வேண்டிய இடம் கிட்லிங்டன் படைத்தளம். தூரம் 150 மைல். நேரம் ஒரு மணி அல்லது அதற்குச் சற்று மேல்.

வானம் முழுதும் மூடியிருந்தது. வானொலித் தொடர்பு இல்லை. மாலை மூன்றரை மணியளவில், போக வேண்டிய இடத்துக்கு நூறு மைலுக்கும் அப்பால், தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் முகத்தில், ஹெர்ன் பே என்ற ஊருக்கு எதிரே அவருடைய விமானம் விழுந்தது. அவர் வான்குடையில் இறங்கியதை ஒரு கப்பலிலிருந்தவர்கள் கண்டார்கள். பனிக்காலக் கடல், பெரும் அலை. கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெச்சர் தாமே நீரில் குதித்தார். அவரும் குளிர் தாங்காமல் உயிர் நீத்தார். ஏமியின் உடல் கிடைக்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது 37. மேகத்தில் வழி தவறிப் பெட்ரோல் தீர்ந்ததா, நம்மவர் துப்பாக்கியே தவறிச் சுட்டதா என்று அந்நாட்டார் இன்றும் வாதிடுகிறார்கள்.

11,000 மைல் பயணத்துக்கு முன் அவருடைய நீண்ட தனிப்பயணம் லண்டனுக்கும் ஹல்லுக்கும் இடையே 150 மைல். அவர் திரும்பி வராத பயணமும் 150 மைல்தான். மணற்புயலிலும் பருவமழையிலும் அறியாத கடல்மேலும் 19 நாள் காத்துநின்ற உயிர், சொந்த நாட்டின் மேல் ஒரு மணி நேரப் பயணத்தில் பிரிந்தது. பாடக் கணக்கில் இதை எந்த நிரலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேரம் சுருங்கிய கதை

அவர் திறந்த வழியில் மற்றவர்கள் தொடர்ந்து போனார்கள். 1935இல் லண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பயணிகள் விமானம் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டரை நாள் பிடித்தது. 1947இல் சிட்னிக்கும் லண்டனுக்கும் இடையே குவாண்டாஸ் விமானம் நான்கு நாளில் சென்றது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி என்று ஏமி இறங்கிய ஊர்களிலேயே அதுவும் இறங்கிற்று. பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. 2018 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கிளம்பிய விமானம், சுமார் 14,500 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 17 மணி நேரத்தில் கடந்து லண்டனை அடைந்தது. அந்தப் பயணிகள் இருமுறை உணவருந்தி, ஒருமுறை உறங்கி எழுந்திருப்பார்கள். 28 நாள், பதினைந்தரை நாள், 19 நாள், 4 நாள், 17 மணி நேரம். என் பாடக் குறிப்பேட்டில் இந்த ஐந்து எண்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கின்றன. வரிசையில் 19 மட்டும் மேலேறி நிற்கிறது. ஆனால் அந்த எண்ணைத்தான் உலகம் மறக்கவில்லை. பச்சை ஜேசன் விமானத்தையும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் காத்து வைத்திருக்கிறார்கள்.

இனி என் சொந்தக் கதையில் ஒரு சிறு பகுதி. ஐதராபாத்தில் முதுகலைப் பொருளியல் படிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் வீட்டில் சொன்னபோது, அரிசி ஆலையில் கணக்கு எழுதும் என் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எவ்வளவு தூரம் என்று கேட்டார். சென்னையிலிருந்து ரயிலில் ஓர் இரவு என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. அம்மாவும் அத்தையும் பேசினார்கள். பக்கத்தில் இல்லாத கல்லூரியா, பெண் பிள்ளைக்கு அவ்வளவு தூரம் எதற்கு என்றார்கள்.

அவர்களிடம் ஏமியின் கதையை முழுதும் சொல்வதா, கடைசிப் பகுதியை விட்டுவிடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டுவிட்டுச் சொன்னால் அது பொய்க்குச் சமம். எனவே முழுதும் சொன்னேன். தூரத்தில்தான் ஆபத்து இருக்கிறது என்பதில்லை, அருகில்தான் பாதுகாப்பு இருக்கிறது என்பதுமில்லை என்று சொல்லி முடித்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். அப்பா வெகுநேரம் கழித்து, அந்த மீன் வணிகர் எவ்வளவு பணம் கொடுத்தார் என்று கேட்டார். விமானத்தின் விலை 600 பவுன், அதில் ஒரு பங்கு என்றேன். மறுநாள் காலை என் குறிப்பேட்டின் மேல் விண்ணப்பக் கட்டணத்துக்கான பணம் இருந்தது.

இடம் கிடைக்குமா என்பது இனிமேல் தெரியும். கிடைத்தால் அப்பா ரயில் நிலையம் வரை வருவார். அஞ்சிக்கொண்டேதான் வருவார். நானும் அஞ்சிக்கொண்டேதான் ஏறுவேன். அதற்குள், போக வேண்டிய ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதோடு நிற்காமல், ஏமி ஜான்சனைப் போல எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும். என் வரையில் அது புள்ளியியல் தாள். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.